நிலைப்படிக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக்குக் குளிர்காலத்தில் வருகிறவர்கள் கோட்டைக் கழற்றுவதில்லை. முதல் தடவை வருகிறவர்கள் மட்டும் நாகரிகமாகக் கழற்றி மாட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில், எந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்று கண்ணாலேயே தேடுவார்கள். பிறகு கோட்டுப் பையில் எதையோ மறந்துவிட்டவர்கள்போல எழுந்துபோய், அதை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். நாங்களும் கவனிக்காத மாதிரி காப்பி கொடுப்போம்.

வட இங்கிலாந்தில், டிசம்பர் மாதத்தில், அடுப்படிக் கதவைத் திறந்துபோட்டுக் குடித்தனம் நடத்தும் குடும்பம் எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். இந்தப் பெருமை எங்களுக்குக் கிடைத்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் பால்ராஜ் சரியாக இந்தச் சமயம் பார்த்து ஏரோகிராம் போட்டிருக்கிறான். "ஏலே, அங்கன நாயைக் கட்டில்ல படுக்க வச்சுப் போத்தி விடுவாகளாம்ல? மெய்தானா? ஒன் வீட்லயும் அப்படித்தானா?" இதற்குப் பதில் ஏரோகிராமின் நீலத்தாளில் அடங்காது. ஆகவே இந்தக் குறிப்புகள். பால்ராஜ் படித்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவான் என்று தெரியும். காட்டட்டும்.

1

நாய் விஷயத்தில் எனக்கு உள்ள தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கிடையாது.

நான் போடியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். கடைத்தெரு நாய்களுக்கும் எனக்கும் இருந்த உறவு, துரத்துகிறவருக்கும் ஓடுகிறவனுக்கும் உள்ள உறவு. ஆனால் இங்கே அலுவலகத்தில், என் ஊர் எது என்று யாராவது கேட்டால் வாய் சும்மா இருக்காது. "எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோம்பை என்று ஓர் ஊர். அங்கே ஒரு ஜாதி நாய் உண்டு. செவலை உடம்பு, கருத்த மூஞ்சி. ஒருவரையும் அண்டவிடாது" என்று நானே அவிழ்த்துவிடுவேன். அதிலிருந்து யார் வீட்டு நாய் சாப்பிடாவிட்டாலும் என்னிடம் வந்து ஆலோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு ஏதாவது சொல்வேன். நூலகத்தில் நாய் வளர்ப்புக்கென்று ஒரு முழு அலமாரியே இருக்கிறது. அதில் பாதியைப் படித்துவிட்டேன். படித்ததில் பயம் குறையவில்லை. எதற்குப் பயப்படுகிறேன் என்பதை விளக்கமாகத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

உண்மையான நிபுணர் என் மனைவி செல்வமணி. கோம்பையில் தோட்டந்துரவு உள்ள குடும்பம்.

லோயர் கேம்ப் மின்நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைப் பெண் பார்க்கப் போனோம். மற்றவர்கள் வண்டியை விட்டு இறங்கி நிதானமாக வேட்டியை உதறிக்கொண்டிருந்தார்கள். நான் எனக்கே உரிய ஆர்வத்தில் முன்னால் போய்விட்டேன். தொழுவத்துப் பக்கமிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு செவலை நாய் எழுந்து வந்தது. குரைக்கவில்லை. குரைத்திருந்தால் நின்றிருப்பேன். அது சத்தமில்லாமல் வந்தது.

"தைரியமா வாங்க மாப்பிள்ளை, அது ஒண்ணும் செய்யாது" என்றார் வருங்கால மாமனார், வாசலில் நின்றபடி. நாய் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். நான் அவரையும் தாண்டி வீட்டுக்குள் ஓடினேன். நல்லநேரம் பார்த்து, வலதுகால் எடுத்து வைத்து, என்றெல்லாம் ஏற்பாடு இருந்தது. எந்தக் கால் முதலில் போனது என்று எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து போயிருக்கலாம்.

நாய் நிலைப்படியில் வந்து நின்றது. பிரேக் போட்ட மாதிரி நின்றது. ஒரு நகம்கூட உள்ளே வரவில்லை.

"தாண்டாது" என்றார் மாமா, பெருமையாக. "குட்டியா இருக்கையிலயே நிலைக்குக் குறுக்க உலக்கையப் போட்ருவோம். பழகுற மட்டும் கெடக்கும். பெறகு உலக்கைய எடுத்துட்டாலும் வராது. உள்ள நமக்கு, வாசல் அதுக்கு. இந்தக் கணக்கு அதுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்."

கணக்கு தெரிந்த அந்த நாய் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நீட்டிப் படுத்துக்கொண்டது. நாங்கள் வந்த வேலை முடிந்தது. பெண்ணைப் பார்த்தாயிற்று, பலகாரம் தின்றாயிற்று. எங்கள் ஆட்கள் எழுந்தார்கள். நான் எழவில்லை. நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் இருந்துட்டுப் போவோமே" என்றேன். இன்னொரு தடவை காப்பி வந்தது. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குப் பெண்ணை அவ்வளவு பிடித்துவிட்டதாம். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த நாய் சற்றுக் கண்ணயர்ந்திருந்தால் இன்று நான் யார் வீட்டு மாப்பிள்ளையோ.

2

இங்கே வந்த பிறகு பிறந்தவள் எங்கள் மகள் பூங்கொடி. பள்ளிக்கூடத்தில் 'பாப்பி'. வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் தமிழில் யோசிப்பதில்லை. இங்கிலீஷில் யோசித்து, மொழிபெயர்த்து, சலித்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுவாள். அம்மா ஊர்க் கதை சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வந்துவிடும்.

அவள் போன வருஷம் வசந்தத்தில் ஒரு நாள் தொப்பிக்குள் ஒரு நாய்க்குட்டியோடு வந்து நின்றாள். தோழியின் மாமாவுடைய பண்ணை நாய் போட்ட குட்டி. "பெரிசா வளருமா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாள். நானும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நூலறிவைப் பயன்படுத்தி, "இது சின்ன ஜாதி" என்று தீர்ப்புச் சொன்னேன். செல்வமணி குட்டியின் முன்னங்கால் பாதத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

"தோசைக்கல் கணக்கா இருக்கு பாதம். கழுதை ஒசரம் வரும்."

தாய் அல்சேஷியன் என்று பிறகு தெரிந்தது. தகப்பன் யாரென்று பண்ணைக்காரருக்கே தெரியவில்லை. குதிரையாக இருக்கலாம்.

மகள் வைத்த பெயர் பிரின்ஸ். நிறத்தைப் பார்த்து மனைவி வைத்த பெயர் செவலை. சோறு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்த பெயருக்கு அது திரும்பிப் பார்க்கும்.

வந்த அன்றைக்கே செல்வமணி சட்டம் போட்டாள். நாய் வெளியே. விமானத்தில் உலக்கை கொண்டுவர முடியாததால், துணி காயப்போடும் கொடியைத் தூக்கி நிறுத்துகிற கம்பை எடுத்து அடுப்படிக் கதவு நிலைக்குக் குறுக்கே போட்டாள். குட்டி தாண்டப் பார்க்கும். "ம்ம்" என்பாள். அவ்வளவுதான், அதட்டல் கிடையாது. இலை உதிர்ந்து முடிவதற்குள் கம்பை எடுத்துவிட்டாள். நாய் நிலைக்கு அந்தப் பக்கம் நின்றது. கோம்பையில் பார்த்த அதே நிற்பு. எனக்கு உள்ளூர நிம்மதி. என்னைத் துரத்துகிற வல்லமை உள்ள பிராணிக்கும் எனக்கும் நடுவே ஒரு சர்வதேச எல்லை.

பூங்கொடியும் அந்தப் பக்கமே குடிபோய்விட்டாள். நாயைப் பற்றிய அறிக்கைகள் அவ்வப்போது வரும். "அம்மா, பிரின்ஸ் சாப்பிட்டாக. இப்ப தூங்குறாக."

"அடி ஆத்தா, ஒங்க தாத்தனுக்குச் சொல்றதை நாய்க்குச் சொல்றியே!" என்று செல்வமணி தலையில் அடித்துக்கொள்வாள். தவறு மகளுடையதல்ல. இந்த வீட்டில் 'வந்தாக, போனாக' என்று நாங்கள் பேசுவதெல்லாம் பிரியமானவர்களைப் பற்றித்தான். பிரியமானவர்களுக்கு அப்படிச் சொல்லவேண்டும் என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள்.

3

இந்த ஊரில் நாயை வெளியே வைப்பது தண்டனை. பக்கத்து வீட்டு டோரதி அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பாவம், என்ன தப்பு செய்தான்?" என்று கேட்டார். கணவர் போன பிறகு தனியாக இருப்பவர். அவருடைய குட்டை நாய், கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்.

"தப்பு ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் நாய் காவல்காரர். அது அவருடைய இடம்" என்று விளக்கினேன்.

"அப்படியா. பனி கொட்டும்போது உங்கள் ஊரில் காவல்காரர் எங்கே போவார்?"

எங்கள் ஊரில் பனி கொட்டாது; ஆடியில் காற்றடிக்கும், சாரலடிக்கும், அதற்கு ஒரு சாக்கு போதும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலை வேலிமேல் ஒரு பழைய கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மறுநாள் எதிர்வீட்டிலிருந்து ஒன்று வந்தது. தெருக்கோடியிலிருந்து ஒரு மெத்தையே வந்தது.

செல்வமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம வீட்டு நாய்க்குப் பிச்சை போடுறாகளா? நாம என்ன சோறு போடாமலா வச்சிருக்கோம்?"

பிச்சை இல்லை, பாசம் என்று சொல்லிப் பார்த்தேன். பாசத்தை வேலிமேல் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஒரு தட்டு நிறைய முறுக்கைச் சுற்றி, அதே வேலிமேல் கொண்டுபோய் வைத்தாள். டோரதி அம்மாள் அதை நாய்க்கு வந்த பிஸ்கட் என்று நினைத்திருக்கிறார். குட்டை நாய் தின்றுவிட்டுப் போக, ஒன்றைத் தாமும் கடித்துப் பார்த்து, இன்னும் வேண்டும் என்று கேட்டு அனுப்பினார். அப்படித்தான் இந்தத் தெருவில் எங்களுக்கு முதல் சிநேகம் கிடைத்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. என்ஜினீயர் அல்லவா? நாய்க்கு ஒரு கூண்டுவீடு கட்டினேன். வரைபடம் போட்டு, சாரல் உள்ளே விழாதபடி மேற்கே சாய்வு வைத்துக் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் இந்த ஊரில் குளிர்காற்று கிழக்கிலிருந்தும் வரும் என்று தெரிந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு மிகப் பொருத்தமான வீடு அது.

4

டிசம்பர் தொடக்கத்தில் கதவைத் தட்டினார் ஓர் அதிகாரி. பிராணிகள் நலம் பார்க்கும் சங்கம் ஒன்றிலிருந்து வந்த வாலிபர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களைவிட அவர்தான் அதிகம் கூச்சப்பட்டார். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். டோரதி அம்மாள் இல்லை; அவர் அதற்கு மறுவாரமே வந்து, "நான் இல்லை" என்று கண்கலங்கச் சொன்னார். சொல்லாவிட்டாலும் நம்பியிருப்போம். முறுக்கு சாட்சி.

அதிகாரி கூண்டுவீட்டைச் சுற்றிப் பார்த்தார். மேற்குச் சாய்வை நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். உறைபனி வரப்போகிறது, இது போதாது. நாயை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் அவனுக்கு வேறு நல்ல வீடு பார்த்துத் தருகிறோம். அடுத்த வாரம் வருகிறேன்.

செல்வமணிக்கு அந்த இங்கிலீஷ் ஓட்டம் பிடிபடவில்லை. "என்ன சொல்றாக?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பூங்கொடி முந்திக்கொண்டாள்.

"பிரின்ஸ் உள்ள வரணுமாம். என் ரூம்ல படுக்கணுமாம். என் கட்டில்லயாம்."

"அந்த ஆளு வாயசைச்சது இம்புட்டு. நீ சொல்றது அம்புட்டா?"

நான் சரியாகச் சொன்னேன். வேறு வீடு என்ற இடம் வந்ததும் செல்வமணியின் முகம் மாறியது. அதிகாரி போன பிறகு மகள், "உள்ள விடும்மா" என்றாள். அம்மா, "வேற எதும் கேளு" என்றாள்.

"உனக்கு பிரின்ஸைப் பிடிக்கலை."

"பிடிக்காமத்தான் மூணு வேளையும் ஆக்கிப் போடுறேனா? ஏத்தா, இங்கன வா. இந்த வாசல் கதவைப் போறவன் வாரவனெல்லாம் தட்டிட்டு ஓடுனாங்களே, ஒங்க ஊருக்குப் போங்கன்னு கத்துனாங்களே, ஞாபகம் இருக்கா? செவலை வந்த பெறகு ஒருத்தன் தட்டுனானா? எங்கப்பா வீட்டு வாசல்ல நாய் கெடந்தா, இந்த வீட்ல ஆளு இருக்கு, கேக்க நாதி இருக்குன்னு அர்த்தம். இந்த ஊர்ல நமக்கு வாசல்ல நிக்க வேற யாரு இருக்கா?"

வாசலில் நிற்கத் தகுதியுள்ள ஆண்பிள்ளை ஒருவன் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாதது நியாயமும்கூட.

 மறுநாள் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையோடு கூண்டுவீட்டுக்குள் போய் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாய் உள்ளே வராவிட்டால் தான் வெளியே. நான் கட்டிய வீட்டில் இடவசதிக்குக் குறைவில்லை என்று அன்றைக்குத்தான் நிரூபணமானது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டுகிற காலம். அம்மா அடுப்படிச் சன்னலிலும் மகள் நாய்வீட்டிலுமாக ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் உள்ளே வந்தாள். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் காலையில் நாயின் தண்ணீர்க் கிண்ணம் உறைந்து கல்லாகக் கிடந்தது.

5

செல்வமணி அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அடுப்படிக் கதவை விரியத் திறந்தாள்.

"செவலை, உள்ள வா."

நாய் வந்தது. நிலைப்படி வரை வந்து நின்றது.

"வா. நான்தான் சொல்றேன்ல, வா."

வாலை ஆட்டியது. நிலையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. கம்பை எடுத்து எத்தனையோ நாளாயிற்று. அதன் கண்ணுக்கு மட்டும் அது அங்கேயே கிடந்தது. பூங்கொடி உள்ளே நின்று, "பிரின்ஸ், கம், கம்" என்று தொடையைத் தட்டினாள். கோழித்துண்டை உள்ளே போட்டோம். நாய் கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு, கால்களை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டது. பின்னாலிருந்து தள்ளலாம் என்று யோசனை சொன்னேன். யார் தள்ளுவது என்ற கேள்வி வந்ததும் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "இப்ப அவுக வந்து கூட்டிட்டுப் போயிருவாக. உள்ள வரவே தெரியாத மாதிரி பண்ணிட்டியேம்மா."

செல்வமணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள். நாய் அவள் மடியில் மூஞ்சியை வைத்தது. யாரிடம் என்று இல்லாமல் பேசினாள்.

"எங்கப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு படுத்த படுக்கையாக் கெடந்தாக. நாயைப் பாக்கணும்னாக. கூப்பிட்டோம், வரலை. வெளிய நின்னே ஊளை விட்டுச்சு. வளத்த முறை அப்படி, அது என்ன செய்யும்? கடைசில அப்பாவைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயி வாசல்ல போட்டோம்."

பூங்கொடி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பிறகு?"

"பெறகென்ன. ரெண்டு பேரும் வாசல்லயே கெடந்து எந்திரிச்சாக."

சொல்லி முடித்ததும் செல்வமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க பெரிய என்ஜினீயர்தான? இந்த நிலைக்கு அங்கிட்டு ஒரு அறை கட்டுங்க. மேற்கயும் வேண்டாம், கிழக்கயும் வேண்டாம், நாலு பக்கமும் அடைச்சுக் கட்டுங்க."

கட்டினேன். எதிர்வீட்டுக்காரர் பலகை கொண்டுவந்தார். தெருக்கோடிக்காரர் கண்ணாடிச் சட்டம் கொண்டுவந்து, என் அளவுகளைப் பார்த்துவிட்டு, பணிவாக எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். டோரதி அம்மாள் தேநீர் போட்டுத் தந்துகொண்டே இருந்தார். இரண்டு நாளில் அடுப்படிக் கதவுக்கு வெளியே சுவரும் கூரையும் உள்ள ஒரு சின்ன அறை நின்றது. ஒரு குறைதான். அதற்குக் கணப்பு கிடையாது. வீட்டுச் சூடு அங்கே போகவேண்டுமானால் அடுப்படிக் கதவு திறந்தே கிடக்க வேண்டும்.

அதிகாரி சொன்னபடி வந்தார். நாய் புது அறையில் எல்லோருடைய கம்பளிகள்மேலும் படுத்து, தலையை நிலைப்படியில் வைத்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கையை வைத்துச் சூடு பார்த்தார்.

"இப்போது இவன் வீட்டுக்குள் இருக்கிறானா, வெளியே இருக்கிறானா?"

"உள்ளே" என்றாள் மகள். "வெளிய" என்றாள் மனைவி. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. இந்த ஒரு கேள்வி மட்டும் செல்வமணிக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்திருக்கிறது. வாலிபர் இருவரையும் பார்த்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சிரித்துவிட்டு, "சரியாக இருக்கிறது" என்றார். முறுக்கு தின்றார். கோட்டை மட்டும் கழற்றவில்லை.

6

ஆக, பால்ராஜுக்குப் பதில்: மற்றவர்கள் வீட்டில் மெய்தான். என் வீட்டில் நாய் உள்ளே வரவில்லை. நாங்கள்தான் ஏறக்குறைய வெளியே வந்துவிட்டோம். சாப்பாட்டு மேசை நிலைப்படிக்குப் பக்கத்தில் போய்விட்டது. வீட்டுப்பாடம் அங்கேதான். வெங்காயம் உரிப்பதும் அங்கேதான்.

அலுவலகத்திலிருந்து நேற்று வந்தபோது, வழக்கம்போல் வீடு வாடைக்காற்றில் கிடந்தது. இந்தக் கதவை ஒரு மணிநேரமாவது சாத்தி வைக்கலாம் என்று சொல்லும் தீர்மானத்தோடுதான் அடுப்படிக்குப் போனேன். செல்வமணி முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே நாயிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நாயிடம் சொல்லும் கதைகளுக்குப் பூங்கொடிக்கு வீட்டுப்பாடம் குறுக்கே வருவதில்லை. நாயின் வயிற்றில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"...ஒரே ஓட்டம். செருப்பு ஒண்ணு அங்கிட்டு, ஒண்ணு இங்கிட்டு. நான் சன்னல் வழியாப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, வயிறு புண்ணாப் போச்சு."

"பிறகும்மா?"

"பெறகு, இப்படிச் சிரிக்க வைக்கிற ஆளை விட்ருவோமான்னு, கொல்லைப்பக்கமாச் சுத்திப் போயி, செவத்து மறைவுல நின்னு நாய்கிட்டச் சொன்னேன். வாசல்லயே படு, நான் சொல்ற மட்டும் எந்திரிக்காத, அவுக போயிறாமப் பாத்துக்கன்னு. பொழுது சாயுற மட்டும் அசையலையே."

நான் சத்தம் காட்டாமல் திரும்பினேன். ஆணியில் மாட்டிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். திரும்பிப் போய் அவர்கள் பக்கத்தில் நிலைப்படியில் உட்கார்ந்தேன். நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி நீட்டிப் படுத்துக்கொண்டது. கதவைச் சாத்துவது பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.